வணிகரின் மேசையில் என்ன இருக்கிறது? ஹோல்பைன் ஓவியமும் குறியீடுகளை வாசிக்கும் முறையும்



ஓர் ஓவியத்தைக் காட்டி, "இதில் உள்ள குறியீடுகளை விளக்குக" என்று கேட்டால் நம் பிள்ளைகளின் விடை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். தராசு என்றால் நீதி. பூ என்றால் காதல். கடிகாரம் என்றால் காலம். அவ்வளவுதான், முடிஞ்சது! பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பித்தது போல இருக்கும். அதைத் தவறு என்று தள்ள முடியாது. ஆனால், "அந்தப் பொருள் ஏன் அங்கே இருக்கிறது, யார் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது?" என்று அடுத்த கேள்வி வந்தால் பேனா நின்றுவிடும்.

அந்த அடுத்த கேள்விக்கு விடை எழுதப் பழகுவதற்கு ஏற்ற ஓர் ஓவியத்தை இந்த இதழில் எடுத்துக்கொள்வோம். மறுமலர்ச்சிக் காலத்துப் பணக்கார வணிகர் ஒருவரின் உருவப்படம் அது. கலைக்கல்வி, வரலாறு ஆகிய பாடங்களுக்குப் பயன்படும். படத்தைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்லும் எந்தத் தேர்வுக்கும் இதில் வரும் முறை உதவும்.

1. அடிப்படைத் தகவல்கள்

ஓவியம்: வணிகர் கேயோர்க் கீசேயின் உருவப்படம் (கேயோர்க் என்பது ஆங்கிலத்தில் ஜார்ஜ்)
ஓவியர்: இளைய ஹான்ஸ் ஹோல்பைன்
ஆண்டு: 1532
வரைந்த இடம்: லண்டன்
ஊடகம்: ஓக் மரப்பலகையில் வண்ணம்
அளவு: ஏறத்தாழ 96 செ.மீ. உயரம், 86 செ.மீ. அகலம்
இப்போது உள்ள இடம்: கெமால்டேகேலரி அருங்காட்சியகம், பெர்லின்

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: பாடம் தொடங்குமுன் கரும்பலகையில் இதே அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். கைப்பேசித் திரையில் சின்னதாகத் தெரியும் படம் உண்மையில் எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்கு உடனே புரியும். அதில் இருக்கும் மனிதர் ஏறக்குறைய நம் அளவிலேயே எதிரில் நிற்பது போல இருப்பார்.

2. யார் இந்தக் கீசே?

கீசே டான்சிக் நகரத்துக்காரர். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது, பெயர் கிடான்ஸ்க். அவர் ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர். வடகடல், பால்டிக் கடல் ஓரத்து ஜெர்மன் வணிக நகரங்கள் பல சேர்ந்து உருவாக்கிய கூட்டமைப்பு அது. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இவர்களுக்கென்று ஒரு வளாகம் இருந்தது. அதன் பெயர் ஸ்டீல்யார்டு. கிடங்கு, அலுவலகம், தங்கும் அறை எல்லாம் ஒரே மதிலுக்குள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டோ, மணமாகாமலோ ஆண்கள் மட்டும் அங்கே தங்கிக் கூட்டமைப்பின் சட்டதிட்டத்துக்கு அடங்கி வேலை பார்த்தார்கள்.

இதைக் கேட்டதும் நமக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும். செட்டியார்களின் கிட்டங்கி! பினாங்கு வீதியிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளில் இதே ஏற்பாடுதான். குடும்பம் செட்டிநாட்டில் இருக்கும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆண்கள் மட்டும் கடல் தாண்டி வந்து, கணக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தொழில் பார்ப்பார்கள். ஒரு முறை வந்தால் வழக்கமாக மூன்று ஆண்டுத் தவணை. ஸ்டீல்யார்டு எப்படி இருந்திருக்கும் என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிடக் கிட்டத்தில் வேறு உதாரணம் கிடைக்காது.

ஓவியர் ஹோல்பைனும் பிழைப்புத் தேடி வந்தவர்தான். ஆக்ஸ்பர்க்கில் பிறந்தவர், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் தொழில் செய்தவர். சமயச் சீர்திருத்தம் வந்து, 1529இல் பேசல் தேவாலயங்களில் படங்களும் சிலைகளும் உடைக்கப்பட்டன. ஓவியர்களுக்கு வேலை சுருங்கியது. 1532இல் அவர் மறுபடியும் லண்டன் வந்து சேர்ந்தார். வந்தவருக்குப் புதிய வாடிக்கையாளர்கள் தேவை. ஸ்டீல்யார்டு வணிகர்கள் அவருடைய மொழி பேசுகிறவர்கள். கையில் பணமும் இருக்கிறது. அவர்களில் பலரை அவர் வரைந்தார். அந்த வரிசையில் மிக அதிகமான பொருள்களோடு, மிக நுட்பமாக அமைந்த படம் கீசேயுடையது.

3. மூன்று படிகளில் வாசியுங்கள்

கலை வரலாற்றறிஞர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் வெளியிட்ட நூலில், படத்தை வாசிக்க மூன்று படிகளைச் சொன்னார். நம் தேர்வு மொழியில் அவை இப்படி வரும்:

முதல் படி: கண்ணுக்குத் தெரிவது என்ன?
இரண்டாம் படி: அந்தக் காலத்து மக்களுக்கு அது எதைக் குறித்தது?
மூன்றாம் படி: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சமூகத்தைப் பற்றி என்ன தெரிகிறது?

பெரும்பாலான மாணவர்கள் முதல் படியைத் தாண்டிக் குதித்து நேரே இரண்டாவதில் போய் விழுகிறார்கள். மூன்றாம் படிக்கு வருவதே இல்லை. நாம் ஒவ்வொன்றாக ஏறுவோம்.

4. முதல் படி: தெரிவது என்ன?

பச்சை நிற மரச்சுவர் கொண்ட ஒரு சிறிய அலுவலக அறை. நடுவில் ஓர் இளம் வணிகர். கருப்புத் தொப்பி, கருப்பு மேலங்கி, பளபளக்கும் இளஞ்சிவப்புப் பட்டுக் கைகள். அவர் ஒரு கடிதத்தைக் கையில் வைத்திருக்கிறார். பார்வை நம் பக்கமாக இருக்கிறது. ஆனாலும் நம்மைப் பார்க்கிறாரா, வேறு ஏதோ நினைவில் இருக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

முன்னால் உள்ள மேசையில் பூவேலைக் கம்பளம் விரித்திருக்கிறது. அதன் மேல் இறகுப் பேனாக்கள், மை, முத்திரை, நாணயங்கள், கத்தரிக்கோல், சிறு வட்டக் கடிகாரம். கண்ணாடிக் குவளையில் தண்ணீர். அதில் கார்னேஷன் பூக்கள். சுவர்த் தட்டில் புத்தகங்கள், பெட்டி. தொங்குகிற பொருள்களில் தராசும் சாவிகளும் இருக்கின்றன. மரச்சட்டங்களுக்குப் பின்னால் கடிதங்கள் செருகப்பட்டிருக்கின்றன.

எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். தலைக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளில், இது கீசேயின் உருவம், அவருக்கு வயது 34, ஆண்டு 1532 என்ற செய்தி இலத்தீனில் இருக்கிறது. சுவரில் அவருடைய பெயரோடு ஒரு வாசகம். துயரம் கலக்காத இன்பம் எதுவும் கிடையாது என்பது அதன் பொருள். கையில் இருக்கும் கடிதத்தின் முகவரி, இங்கிலாந்தில் லண்டனில் இருக்கும் தம் சகோதரருக்கு ஒருவர் எழுதியது என்று காட்டுகிறது.

5. இரண்டாம் படி: பொருள்கள் எதைக் குறித்தன?

இங்கே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளைக் குறியீடு என்று சொல்வதற்கு முன்னால், அது அங்கே என்ன வேலை செய்தது என்று கேளுங்கள்.

தராசு: அந்தக் காலத்தில் நாணயத்தின் மதிப்பு அதில் உள்ள பொன், வெள்ளியின் எடையில் இருந்தது. ஓரத்தைச் சுரண்டி எடுத்த நாணயங்களும் புழங்கின. ஆகவே வணிகர் நாணயத்தை எண்ணினால் போதாது, நிறுத்தும் பார்க்க வேண்டும். தராசு முதலில் ஒரு தொழில் கருவி. அதற்குப் பிறகுதான் நீதி, நேர்மை, இறுதித் தீர்ப்பு என்ற கிறிஸ்தவப் பொருள்கள் வருகின்றன. தமிழ் மாணவர்களுக்கு இது புதிதல்ல. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சான்றோருக்கு உவமையாகத் துலாக்கோலைத்தான் எடுக்கிறார். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைக் கொடுக்கல் வாங்கலில் நேர்மை தவறாதவர்கள் என்று புகழ்கிறது.

கடிதங்களும் முத்திரையும்: அப்போது தனி உறை கிடையாது. தாளை மடித்து, கட்டி, மெழுகு உருக்கி ஊற்றி, அதன் மேல் முத்திரை பதிப்பார்கள். முத்திரை உடையாமல் வந்தால்தான் கடிதத்தை நம்பலாம். இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று வணிகர் எழுதி முத்திரையிட்ட தாளை வைத்து இன்னொரு நாட்டில் பணம் பெறலாம். அப்படியென்றால் கடிதமும் முத்திரையும் அவருடைய மூலதனத்தில் ஒரு பகுதி.

கம்பளம்: துருக்கியின் அனத்தோலியப் பகுதியில் நெய்தது. தரையில் போட்டு மிதிக்க மனம் வராத அளவுக்கு விலை அதிகம். அதனால்தான் மேசையில் விரித்தார்கள். இந்த வகைக் கம்பளங்களைக் கலை வரலாற்றில் இன்றும் "ஹோல்பைன் கம்பளம்" என்றே சொல்கிறார்கள். நெய்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. படத்தில் வரைந்தவர் பெயர் கம்பளத்துக்கே வந்துவிட்டது! இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பூக்களும் கண்ணாடியும்: ஐரோப்பிய உருவப்படங்களில் கார்னேஷன், நிச்சயதார்த்தத்தைச் சுட்டும் பூ. கீசே ஊர் திரும்பி 1535இல் டான்சிக்கில் திருமணம் செய்துகொண்டார். ஆகவே வருங்கால மனைவி வீட்டுக்குக் காட்ட வரைந்த படமாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். மெல்லிய கண்ணாடி தூய்மையையும் காட்டும், எளிதில் உடைவதையும் காட்டும். குவளை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள்: மேசை விளிம்புக்குப் பக்கத்தில். கை பட்டால் போச்சு.

கடிகாரமும் சுவர் வாசகமும்: வணிகருக்கு நேரம் காசு, தவணை தவறக்கூடாது. அதே கடிகாரம் ஆயுள் குறைந்துகொண்டே போவதையும் நினைவூட்டும். வாடும் பூ, உடையும் கண்ணாடி, ஓடும் கடிகாரம் மூன்றும் சுவரில் உள்ள வாசகத்தோடு சேர்ந்து ஒரே கருத்தைச் சொல்கின்றன. மறு ஆண்டு, 1533இல், ஹோல்பைன் வரைந்த "தூதர்கள்" ஓவியத்தில் இதே எண்ணம் இன்னும் வெளிப்படையாக வருகிறது. அங்கே இரண்டு செல்வாக்கான மனிதர்களின் காலடியில் ஒரு மண்டையோட்டைக் கோணலாக நீட்டி வரைந்திருக்கிறார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும்.

6. மூன்றாம் படி: எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன?

இப்போ ஒரு கேள்வி. பணக்காரரின் படம் என்கிறோம். பணம் எங்கே? பொற்காசு மூட்டை இல்லை, நகைக் குவியல் இல்லை. சில நாணயங்கள் மட்டும் மேசையில் இருக்கின்றன. அறை முழுக்கக் கடிதமும் முத்திரையும் சாவியும் கணக்குப் புத்தகமும்தான்.

காரணம் இதுதான்: அயல்நாட்டில் தொழில் செய்யும் வணிகருக்கு முதல் சொத்து, அவர் மேல் மற்றவர்கள் வைக்கும் நம்பிக்கை. முகம் பார்க்காத ஒருவர் கடல் கடந்து சரக்கு அனுப்ப வேண்டும்; இவர் கையெழுத்தை நம்பிக் கடன் கொடுக்க வேண்டும். அதனால் படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அவருக்காகச் சாட்சி சொல்கிறது. தராசு, "சரியாக நிறுப்பேன்" என்கிறது. முத்திரை, "சொன்ன சொல் மாறமாட்டேன்" என்கிறது. சாவி, "கொடுத்ததைப் பத்திரமாக வைப்பேன்" என்கிறது. பட்டும் கம்பளமும், "எனக்கு வசதி உண்டு" என்கின்றன. சுவர் வாசகம், "வசதி வந்ததால் தலைகால் புரியாமல் ஆடமாட்டேன்" என்கிறது.

நகரத்தார் தொழிலிலும் இதே கதைதான். கடைக்கு முன்னோர் பெயரின் முதலெழுத்துகளால் ஆன விலாசம் இருக்கும். அந்த எழுத்துகளைப் பார்த்தே கொடுக்கல் வாங்கல் நடக்கும். விலாசம் கெட்டால் தொழில் போச்சு.

ஆகவே இந்த உருவப்படத்தைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலப் பார்க்கக்கூடாது. தம்மை எப்படி நம்ப வேண்டும் என்று கீசே தாமே தேர்ந்து, காசு கொடுத்து எழுதி வாங்கிய நற்சான்றிதழ் அது.

7. ஓர் எச்சரிக்கை

குறியீட்டைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் ஏற்றிவிடக்கூடாது. யான் வான் எய்க் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபினி ஓவியம் இதற்குப் பாடம். வணிகர் ஒருவரும் ஒரு பெண்ணும் கைசேர்த்து நிற்கும் படம் அது. அந்தப் படமே ஒரு திருமணச் சான்று என்றும், எரியும் ஒற்றை மெழுகுவத்தி, நாய் போன்றவற்றில் மறைபொருள் இருக்கிறது என்றும் 1934இல் பனோஃப்ஸ்கி எழுதினார். பல ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் அதையே சொல்லின. பின்னால் வந்த ஆய்வாளர்கள், அது திருமணப் படமே இல்லை என்று வாதிட்டார்கள். சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

எனவே விடையில், "குறிக்கிறது" என்று அடித்துச் சொல்வதற்குப் பதிலாக, தேவையான இடத்தில், "குறிப்பதாகக் கொள்ளலாம், காரணம்..." என்று எழுதுங்கள். காரணத்தோடு எழுதும் வாக்கியத்துக்குத்தான் மதிப்பு.

8. கேமரன் மலையில் இந்தப் பாடம்

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 1532ஆம் ஆண்டு லண்டன் ரொம்பத் தூரம். தராசு அப்படி இல்லை. இங்கே 1929இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து தேயிலை மலையில் பல தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. கொழுந்து பறித்தவர்களின் நாள் உழைப்பு கடைசியில் ஒரு தராசில்தான் போய் நிற்கும். கூடைக்கு எவ்வளவு கழிப்பார்கள், மழை ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதெல்லாம் வீட்டு அடுப்பைத் தொடும் விஷயம்.

வகுப்பில் இதைக் கேளுங்கள்: கீசேயின் சுவரில் தொங்கும் தராசும் கொழுந்து நிறுக்கும் தராசும் ஒரே பொருளையா குறிக்கின்றன? கீசேக்குத் தராசு, தம் நேர்மையைக் காட்டும் அடையாளம். தராசு அவர் கையில் இருக்கிறது. கொழுந்து பறிப்பவருக்கு அது இன்னொருவர் கையில் இருக்கும் கருவி. அங்கே அது நம்பிக்கையையும் குறிக்கலாம், சந்தேகத்தையும் குறிக்கலாம். ஒரு குறியீட்டின் பொருள், அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். இந்த ஒரு வரி பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டால் பாடத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது.

அடுத்து, பெயர். கீசேயின் பெயர் கடிதங்களில், சுவரில், தலைக்கு மேல் உள்ள தாளில் என்று பல இடங்களில் இருக்கிறது. எழுத்துக்கூட்டு கூட இடத்துக்கு இடம் மாறுகிறது. ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகும் அவர் யார், எந்த ஊர், என்ன வயது என்று நாம் சொல்ல முடிகிறது. இனி, தோட்டங்களின் பழைய புகைப்படங்களையும் அஞ்சலட்டைகளையும் பாருங்கள். கூடையோடு நிற்கும் பெண்களுக்குக் கீழே பெரும்பாலும், "தேயிலை பறிப்பவர்கள்" என்று மட்டும் இருக்கும். எந்த உடையில், எந்தப் பொருளோடு நிற்பது என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கம்பளத்தை நெய்தவர்களை ஞாபகம் வருகிறதா? அதே நிலைமைதான். இன்று மலையில் கொழுந்து எடுக்கும் பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளர்களைச் சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் படங்களிலும் இதுதான் நடக்கிறது.

ஆகவே ஒரு செயல்முறை. தோட்டத்தில் வேலை செய்த தாத்தா, பாட்டி, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா யாராவது ஒருவரைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். "உங்களைப் படம் வரைந்தால் பக்கத்தில் எந்த ஐந்து பொருள்களை வைக்கலாம்?" என்று அவரிடமே கேட்கட்டும். நாமாகக் கூடையும் தலைத்துண்டும் என்று முடிவு செய்ய வேண்டாம். அவர் தையல் இயந்திரத்தைச் சொல்லலாம், சாமி படத்தைச் சொல்லலாம், மகளின் சான்றிதழைச் சொல்லலாம். வரைந்த பிறகு, அவர் சம்மதித்தால், அவர் பெயரையும் வயதையும் ஆண்டையும் படத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஹோல்பைன் அப்படித்தான் செய்தார்.

9. விடை எழுதும் முறை

வினா: ஓவியத்தில் உள்ள தராசின் முக்கியத்துவத்தை விளக்குக.

குறைவான விடை: தராசு நீதியைக் குறிக்கிறது. வணிகர் நேர்மையானவர்.

நிறைவான விடை: வணிகரின் அறையில் ஒரு தராசு தொங்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் நாணயங்களை எடை பார்த்து வாங்கியதால் இது அவருடைய அன்றாடத் தொழில் கருவியாகும். ஐரோப்பிய மரபில் தராசு நீதியையும் சுட்டுவதால், தாம் நேர்மையானவர் என்று பார்ப்பவர் நம்ப வேண்டும் என்ற நோக்கமும் இதில் இருப்பதாகக் கொள்ளலாம். அயல்நாட்டில் கடிதத்தையும் முத்திரையையும் நம்பி வணிகம் நடந்த சூழலில் இந்த நற்பெயர் அவருக்கு மிக அவசியமாக இருந்தது. ஆனால், அவர் உண்மையில் நேர்மையாக நடந்தார் என்பதற்கு இப்படம் மட்டும் சான்றாகாது.

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? படம் எதைச் சொல்ல விரும்புகிறது என்பது வேறு, எது உண்மை என்பது வேறு. இந்த வேறுபாட்டை எழுதத் தெரிந்த மாணவர் வரலாற்றுப் பாடத்திலும் சான்றுகளைச் சரியாகக் கையாள்வார்.

10. பயிற்சி வினாக்கள்

1. கீசேயின் ஓவியத்தில் நிலையாமையைச் சுட்டும் மூன்று பொருள்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக.
2. ஸ்டீல்யார்டு வளாகத்துக்கும் நகரத்தார் கிட்டங்கிக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டினை விளக்குக.
3. "செல்வத்தைவிட நம்பிக்கையையே இந்த ஓவியம் முன்வைக்கிறது." இக்கூற்றை ஏற்கிறீர்களா? ஓவியத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.
4. தேயிலைப் பொட்டலம் அல்லது சுற்றுலா விளம்பரம் ஒன்றில் உள்ள படத்தை எடுத்து, மூன்று படிகளில் வாசித்து எழுதுக. அந்தப் படத்தில் யார் இருக்கிறார்கள்? யார் இல்லை?

நான்காம் வினாவை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். மூன்றாம் வினாவை வகுப்பில் இரண்டு குழுவாகப் பிரித்து விவாதிக்க விடலாம். பட்டுக் கைகளையும் கம்பளத்தையும் காட்டி எதிர்த்துப் பேசவும் நிறைய இடம் இருக்கிறது.